வாய்புகுவதனினும் கால் பெரிது கெடுக்கும்: பொருளையும் அதிகாரத்தையும் பற்றிய கூர்மொழிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

செல்வம், வரி, கடன், ஆட்சி ஆகியவற்றைப் பற்றி மனிதர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கும் நறுக்கான சொற்களைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. பல ஆண்டுகளாக இத்தகைய சொற்களைத் தேடிச் சேர்த்துவருகிறேன். பொருளாதாரத்தைப் பற்றிய நல்ல நகைச்சுவை என்பது, யாரோ போட்ட நீண்ட கணக்கில் அவர் எழுதாமல் விட்ட கடைசி வரி என்பதே அந்தத் தேடலில் நான் கண்டது. கணக்குப் போட்டவர் அதைச் சொல்லத் தயங்கியிருப்பார், அல்லது சொல்ல விரும்பியிருக்க மாட்டார். வேறொருவர் எழுந்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிடுகிறார். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்த ஒன்று முதன்முறையாக வெளிச்சத்துக்கு வருவதால் அவை சிரிக்கிறது.

‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்கிறது நம் பழமொழி. மூன்றே சொற்கள். தண்ணீர் தன் இயல்பில் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும், அதில் யாருடைய விருப்பமும் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்குப் பள்ளத்தை வெட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் தம் வயல் தலைமடையில் இருக்கும்படி வெட்டியிருக்கிறார். கடைமடையில் நிற்பவர் வறட்சியை வானத்தின் குற்றம் என்று எண்ணி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தையின் விதிகள், வட்டியின் விதிகள், சொத்துரிமையின் விதிகள் ஆகியவை இயற்கையின் விதிகளைப் போல நம் முன் வைக்கப்படும்போதெல்லாம் இந்த மூன்று சொற்களை நினைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் ஓடுவதைப் படிக்கிற அறிவு ஒன்று. வாய்க்காலை யார் வெட்டியது என்று கேட்கிற அறிவு இன்னொன்று. இரண்டாவதை இந்தப் பழமொழி பாமரர் கையிலும் கொடுத்துவிட்டது.

ஆகவே ஒரு கூர்மொழியைக் கேட்டவுடன் அதை ரசிப்பதோடு நின்றுவிடாமல், அதைச் சொன்னவர் எங்கே நின்று சொன்னார், யாரை நோக்கிச் சொன்னார் என்று பார்க்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து. சிலவற்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆட்சிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அங்கேதான் ஒளிவு மறைவின்றித் தெரிகிறது. புறநானூற்றின் 184ஆம் பாட்டு, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால், மா என்ற பழைய நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலத்தின் விளைச்சல்கூட ஒரு யானைக்குப் பல நாளுக்கு வரும். அதே யானை தானாகவே வயலில் புகுந்து தின்னத் தொடங்கினால் நூறு வயல் இருந்தாலும் போதாது. ஏன் போதாது என்பதற்குப் புலவர் சொல்லும் காரணத்தில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது: ‘வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்.’ யானையின் வயிறு பெரிது என்பதால் வயல் அழியவில்லை. வாய்க்குள் போவதைவிடக் காலடியில் மிதிபடுவது அதிகம் என்பதால் அழிகிறது.

பொருளியல் படித்தவர்கள் இந்த வரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். வரியால் மக்கள் இழப்பது முழுவதும் அரசின் கருவூலத்துக்கு வந்துசேர்வதில்லை. இடையில் யார் கைக்கும் போகாமல் அழிந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டின் சாலை, பால வேலைகளில் பொறியாளராக இருந்த ஜூல் டூப்யூய் என்பவர் 1844ஆம் ஆண்டில் இதைக் கணக்காக வகுத்துக் காட்டினார். ஒரு பாலத்தைக் கடக்கச் சுங்கம் விதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் கட்டிக் கடப்பவர் கொடுக்கும் காசு அவர் கையிலிருந்து அரசின் கைக்குப் போகிறது. அது இடம்தான் மாறியது. ஆனால் சுங்கத்தைப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்தே திரும்பிப்போகிறாரே ஒருவர், அவர் கடந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் பயன் அழிந்தது. அவரிடமிருந்து அரசுக்கும் எதுவும் வரவில்லை. சுங்கம் இரட்டிப்பானால் இந்த வீண் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்றும் டூப்யூய் கண்டார். கரையிலிருந்து திரும்பிப்போகும் அந்த மனிதரைத்தான் பிசிராந்தையார் மிதிபட்ட நெற்கதிராகப் பார்த்தார்.

மிதிபட்ட கதிரை இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் சன்னல் வரியைப் பாருங்கள். 1696ஆம் ஆண்டில் அந்த வரி வந்தது. வருமானத்தை விசாரிப்பது கடினம், வீட்டின் சன்னல்களைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம், பெரிய வீட்டில் சன்னல் அதிகம் இருக்கும், ஆகவே பணக்காரர் அதிகம் கட்டுவார்கள் என்பது அதை வகுத்தவர்களின் எண்ணம். மக்கள் செங்கல் வைத்துச் சன்னல்களை அடைத்தார்கள். பலர் குடியிருந்த வாடகைக் கட்டடங்கள் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டு வரி உரிமையாளர் தலையில் விழுந்ததால், உரிமையாளர்கள் சன்னலை அடைத்தார்கள். இருட்டிலும் காற்றோட்டமில்லாத அறையிலும் கிடந்தவர்கள் ஏழைக் குடித்தனக்காரர்கள். பணக்காரனை எண்ணி வகுத்த வரி ஏழையின் மூச்சில் போய் நின்றது. 1851ஆம் ஆண்டில்தான் அதை நீக்கினார்கள். அடைக்கப்பட்ட ஒவ்வொரு சன்னலையும் நினைத்துப் பாருங்கள்: அரசனுக்கு அதிலிருந்து வரி இல்லை, வீட்டுக்கு வெளிச்சமும் இல்லை. அந்தப் பாட்டின் கடைசி அடி ‘தானும் உண்ணான், உலகமும் கெடுமே’ என்பது. இதைவிடச் சுருக்கமாக அந்தச் சன்னலை யாராலும் விவரிக்க முடியாது.

இந்தப் பாட்டில் இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. முதலாவது, அரசனின் பெயரே அறிவுடை நம்பி. புலவர் அவன் முன் நின்று, ‘அறிவுடை வேந்தன் நெறியறிந்து கொளினே கோடி யாத்து நாடுபெரிது நந்தும்’ என்கிறார். அறிவுடை வேந்தன் முறையறிந்து வரி கொண்டால் நாடு கோடி கோடியாகச் செழிக்கும் என்று பொருள். அரசனின் பெயரையே எடுத்து, அதை அவன் இன்னும் சம்பாதித்தாக வேண்டிய பட்டமாக அவன் கையில் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டாவது, குற்றத்தை அவர் அரசன் ஒருவன் மேல் மட்டும் வைக்கவில்லை. ‘வரிசை அறியாக் கல்லென் சுற்றம்’ என்று ஒரு கூட்டத்தைச் சுட்டுகிறார். முறை தெரியாத, ஓயாமல் இரைச்சலிடுகிற, அரசனைச் சூழ்ந்து நிற்கிற கூட்டம் அது. அரசன் மெல்லியனாகி, இந்தச் சுற்றத்தோடு சேர்ந்து, குடிகளிடம் பரிவு அற்றுப்போகும்படி வரியை விரும்பினால்தான் நாடு யானை புகுந்த வயலாகிறது. எந்த நாட்டின் வரிச்சலுகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும், ஒவ்வொரு சலுகைக்குப் பின்னாலும் இந்தச் சுற்றத்தின் இரைச்சலை உற்றுக் கேட்கலாம்.

வள்ளுவர் இதே பொருளை இன்னும் கடுமையாகச் சொன்னார். ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்பது 552ஆம் குறள். வழிப்பறிக்காரன் வேலோடு நின்று ‘கொடு’ என்கிறான். முறைகெட்ட அரசன் கோலோடு நின்று கேட்கிறான். வேலுக்கும் கோலுக்கும் இடையே ஒலியிலும் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. அதோடு ‘இரவு’, அதாவது இரத்தல், என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசன் பிச்சை கேட்பவனைப் போலப் பணிவாகவே கேட்கிறான். ஆனால் கையில் கோல் இருக்கிறது. கோல் இருக்கும் கையிலிருந்து வரும் வேண்டுகோளை யாராலும் மறுக்க முடியாது, ஆகவே அதை வேண்டுகோள் என்று அழைப்பது பொய் என்கிறார் வள்ளுவர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் எழுதிய நூலில், பிடிபட்ட கடற்கொள்ளையன் ஒருவன் அலெக்சாந்தரிடம் பேசியதாக ஒரு கதை வருகிறது: நான் சிறிய படகில் செய்வதால் கொள்ளைக்காரன், நீ பெரிய கப்பற்படையோடு செய்வதால் பேரரசன். ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நீதி நீங்கிவிட்டால் அரசுக்கும் கொள்ளைக் கூட்டத்துக்கும் அளவில்தான் வேறுபாடு என்ற முடிவுக்குத்தான் அகஸ்டின் அந்தக் கதையைச் சொல்கிறார்.

பணத்தைப் பற்றிய கூர்மொழிகளில் உரோமப் பேரரசன் வெஸ்பாசியனுடையது உலகப் புகழ் பெற்றது. சிறுநீருக்கு, அதாவது தோல் பதனிடவும் துணி வெளுக்கவும் அதை எடுத்துச் செல்வோருக்கு, அவன் வரி விதித்தான். இதுவெல்லாம் ஒரு வரியா என்று மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, வந்த பணத்தில் ஒரு காசை எடுத்து அவன் மூக்கருகே பிடித்து, நாறுகிறதா என்று கேட்டானாம். பணத்துக்கு நாற்றம் இல்லை என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. பணத்தின் இயல்பைப் பற்றிய மிகச் சரியான கண்டுபிடிப்பு அது: பணம் தான் வந்த வழியை மறந்துவிடும். உழைத்து வந்த காசும் ஏய்த்து வந்த காசும் ஒரே பெட்டியில் ஒரே உருவில் கிடக்கும். ‘பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள்’ என்று பொருள் என்ற ஒரே சொல்லை நான்கு முறை சுழற்றி வள்ளுவர் காட்டுவதும் அந்த மறதியைத்தான்; மதிக்கத்தகாதவரையும் மதிப்புக்குரியவராக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி, ‘திறனறிந்து தீதின்றி வந்த பொருள்’ தான் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்று வந்த வழியைக் கேட்கிறார். காசு மறந்தாலும் மனிதன் மறக்கக் கூடாது என்பது அவருடைய நிலை. நான் வெஸ்பாசியனின் சொல்லை ரசிக்கிறேன். வள்ளுவரின் பக்கம் நிற்கிறேன்.

இப்போது, நாம் அடிக்கடி எடுத்தாளும் சில மேற்கோள்களுக்கு வருகிறேன். அவை யாரால், யாரை நோக்கிச் சொல்லப்பட்டன என்பதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பொருளியலை ‘சோர்வூட்டும் அறிவியல்’ என்று கேலி செய்யும் வழக்கம் ஆங்கிலத்திலிருந்து எல்லா மொழிகளுக்கும் பரவியிருக்கிறது. மக்கள்தொகை பெருகும், உணவு போதாது என்று மால்தஸ் எழுதியதைப் படித்து எழுந்த கேலி என்றே பலரும் எழுதுகிறார்கள். உண்மை வேறு. 1849ஆம் ஆண்டு டிசம்பரில் பிரித்தானிய எழுத்தாளர் தாமஸ் கார்லைல் ஓர் இதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1838க்குள் கரீபியத் தீவுகளில் அடிமைகளாக இருந்தவர்கள் முழு விடுதலை பெற்றிருந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களில் பழைய நிபந்தனைகளில் உழைக்க மறுத்தார்கள். அவர்களை வற்புறுத்தியாவது வேலை வாங்க வேண்டும் என்பது கார்லைலின் வாதம். அன்றைய பொருளியல் அறிஞர்களோ, மனிதர்கள் அனைவரும் ஒரே இயல்பினர், கூலி பிடித்தால் உழைப்பார்கள், பிடிக்காவிட்டால் விலகுவார்கள், யாரும் யாரையும் வற்புறுத்த உரிமையில்லை என்ற நிலையில் இருந்தார்கள். அந்த நிலையைத்தான் கார்லைல் சோர்வூட்டுவது என்று பழித்தார். அடுத்த மாதமே, 1850 ஜனவரியில், பொருளியல் அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் அதே இதழில் அவருக்குக் கடுமையாக மறுமொழி எழுதினார். ஆகவே பொருளியல் தன் வாழ்நாளில் செய்த மிக நல்ல காரியங்களுள் ஒன்றுக்காகக் கிடைத்த வசையை, நாம் இன்று அதன் கெட்ட காரியங்களுக்கான கேலியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காலத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அடிமைமுறையை ஒழித்தபோது பிரித்தானிய அரசு 2 கோடி பவுண்டை இழப்பீடாக ஒதுக்கியது. அந்தத் தொகை அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசித் தவணை 2015ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. அதுவரை அந்நாட்டில் வரி கட்டியவர்களில் அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களும் இருந்தார்கள். வல்லான் வகுத்த வாய்க்கால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதைவிட நீண்ட சான்று எனக்குத் தெரியாது.

‘நீண்ட காலத்தில் நாம் எல்லோரும் இறந்துவிடுவோம்’ என்று பிரித்தானியப் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1923இல் எழுதியது இன்னொன்று. நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் இன்று செலவழி என்று அவர் சொன்னதாக அதைத் திரித்துச் சொல்கிறார்கள். அந்த வரிக்கு அடுத்த வரியைப் படித்தால் அவர் யாரை நோக்கிப் பேசினார் என்பது விளங்கும். புயல் வீசும் பருவத்தில், புயல் ஓய்ந்து நெடுநாளான பின் கடல் மறுபடியும் அமைதியாகிவிடும் என்பதை மட்டுமே சொல்லத் தெரிந்த பொருளியல் அறிஞர்கள் தமக்கு மிக எளிதான, பயனற்ற வேலையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார். வேலையிழந்தவனிடம் சந்தை நாளடைவில் தானே சீராகும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்களைக் கண்டிக்கும் சொல் அது. கடலில் தத்தளிப்பவனின் பக்கம் நின்று சொன்ன சொல்லை, ஊதாரியின் சொல்லாக்கிவிட்டோம்.

அதிகாரம் கெடுக்கும் என்ற ஆக்டன் பிரபுவின் வாக்கும் அப்படித்தான். 1887இல் பாதிரியாரும் வரலாற்றாசிரியருமான கிரெய்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. அதிகாரம் கெடுக்கும் போக்குடையது, முழு அதிகாரம் முழுவதுமாகக் கெடுக்கும் என்றார். முதல் பாதியில் ‘போக்குடையது’ என்ற அளவான சொல்லை நாம் விட்டுவிட்டோம். அதைவிட முக்கியமானது, கடிதம் அரசியல்வாதிகளுக்கு எழுதப்பட்டதன்று. போப்பாண்டவர்களின் கடந்தகாலக் குற்றங்களை மென்மையாக எழுதிய ஒரு வரலாற்றாசிரியருக்கு எழுதப்பட்டது. அதிகாரத்தில் இருந்தவர் என்பதற்காகவே அவர் தவறு செய்திருக்க மாட்டார் என்று முன்கூட்டியே சாய்ந்துகொண்டு எழுதாதே, சாய வேண்டுமானால் எதிர்ப்பக்கம் சாய் என்பது ஆக்டனின் கண்டிப்பு. எழுதுகிறவர்களுக்குச் சொன்ன அறிவுரையை நாம் ஆள்கிறவர்கள் மேல் மட்டும் எறிந்துவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். எழுதுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் கடிதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஆடம் ஸ்மித்தை முதலாளிகளின் வழக்கறிஞராகவே அறிந்தவர்கள் அவர் 1776இல் எழுதியதைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரே தொழிலில் இருப்பவர்கள் பொழுதுபோக்குக்காகக் கூடினாலும் அந்தப் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் போய் முடியும் என்று எழுதியவர் அவர். உயர்ந்த கூலியால் விலை ஏறுகிறது என்று முறையிடும் வணிகர்கள், தம்முடைய உயர்ந்த இலாபத்தால் ஏறும் விலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை என்று எழுதியவரும் அவரே. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மௌனம் அப்படியே இருக்கிறது.

கடனுக்கு வருவோம். வங்கிக்கு ஆயிரம் பவுண்டு கடன்பட்டால் நீ வங்கியின் பிடியில் இருக்கிறாய், பத்து இலட்சம் பவுண்டு கடன்பட்டால் வங்கி உன் பிடியில் இருக்கிறது என்றொரு பழைய வாக்கு உண்டு. இதை 1945இல் ஓர் அரசுக் குறிப்பில் கெயின்ஸ் எடுத்தாண்டார். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் குறிப்பு எதைப் பற்றியது என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். போர்க்காலத்தில் பொருளும் படையும் பெற்றுக்கொண்டு பிரித்தானியா பல நாடுகளுக்குக் கடன்பட்டிருந்தது. அதில் இந்தியாவின் கணக்கில் மட்டும் நூறு கோடி பவுண்டுக்கு மேல் நிலுவை. அந்தக் கடன் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், 1943இல், வங்காளத்தில் பஞ்சம் வந்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். பெருங்கடனாளியின் பிடியில் இருந்த அந்த ‘வங்கி’ ஓர் ஏழை நாடு. கடன்பட்டவர் மேசையில் அமர்ந்து சொன்னபோது அது அறிவார்ந்த நகைச்சுவை. கொடுத்தவர் வாசலில் நின்று கேட்டால் அது வேறு. கெயின்ஸின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. சற்று முன்தான் அவரைப் புகழ்ந்தேன். இருந்தாலும் இங்கே அவர் நின்ற இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அதே வாக்கின் இன்னோர் உருவத்தை 2008இல் உலகம் கண்டது. செப்டம்பர் 15இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானது. மறுநாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைத் தாங்கிப்பிடிக்க அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் கொடுக்க முன்வந்தது. அது விழுந்தால் மற்ற எல்லாமும் விழும் என்பதே காரணம். அந்தக் காரணம் பொய்யன்று. வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாத குடும்பம் விழுந்தால் அதனோடு வேறு எதுவும் விழாது என்பதால் அது வீட்டை இழந்தது. அந்த நவம்பரில் இலண்டன் பொருளியல் கல்லூரிக்கு வந்த இரண்டாம் எலிசபெத் அரசியார், இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி யாருமே கவனிக்கவில்லை என்று அங்கிருந்த அறிஞர்களைக் கேட்டார். பிரித்தானிய அறிஞர் பேரவையைச் சேர்ந்தோர் அடுத்த ஆண்டு அவருக்கு எழுதிய மறுமொழிக் கடிதத்தில், அறிவுமிக்க பலருடைய கூட்டுக் கற்பனை தோற்றுப்போனதே காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள். வெளியாள் கேட்ட ஓர் எளிய கேள்விக்கு நேர்மையாக எழுதப்பட்ட பதில் அது. ஆனால் அதே கேள்வியை வீட்டை இழந்தவர் ஒருவர் கேட்டிருந்தால் அவருக்குக் கடிதம் போயிருக்குமா? ‘நற்பொருள் நன்குணர்ந்து சொல்லினும் நல்கூர்ந்தார் சொற்பொருள் சோர்வு படும்’ என்ற குறளும், ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியும் அதற்கான பதிலை வைத்திருக்கின்றன.

என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு கூர்மொழியை இனிச் சொல்கிறேன். ஒருவர் தம் வீட்டு வேலைக்கு வைத்திருந்த பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்பது அது. இதை 1920இல் ஆர்தர் பிகூ என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் தம் பொருளியல் நூலில் எடுத்துக்காட்டாகவே எழுதினார். நேற்று வரை அந்தப் பெண் சமைத்தார், துவைத்தார், பெருக்கினார். அதற்குக் கூலி வாங்கினார். அந்தக் கூலி நாட்டு வருமானத்தில் ஏறியது. மணமான மறுநாளும் அவர் அதே அடுப்பின் முன் நிற்கிறார், அதே துணியைத் துவைக்கிறார், பெரும்பாலும் முன்னைவிட அதிக நேரம் உழைக்கிறார். கூலி மட்டும் இல்லை. ஆகவே கணக்கின்படி அவர் எதையும் உண்டாக்கவில்லை. ஒரு தாலியோ மோதிரமோ ஒருவருடைய முழு உழைப்பையும் தேசக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறது.

தேச வருமானத்தை முறையாக அளக்க வழிவகுத்த சைமன் குஸ்னெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானக் கணக்கிலிருந்து ஊகித்துவிட முடியாது என்று எச்சரித்தார். அளவுகோலைச் செய்தவரே அதன் குறையைச் சொல்லிக் கொடுத்தார்; உலகம் அளவுகோலை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது. இன்றும் பல நாடுகளின் கணக்கில், குழந்தையைக் குளிப்பாட்டுவதும், படுத்த படுக்கையான முதியவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், தொலைவிலிருந்து தண்ணீர் சுமந்து வந்த பெண்ணின் இடுப்பு வலியோடு தொடங்கும் சமையலும், கூலி இல்லாதவரை உழைப்பாகாது; அல்லது முதன்மைக் கணக்கில் சேராத தனிப் பட்டியலில் ஒதுங்கி நிற்கும். பிகூ அதைச் சொன்னபோது அவையில் சிலர் சிரித்திருக்கலாம். அந்த அடுப்பின் முன் நிற்பவரிடம் போய் இந்தக் கதையைச் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். எனக்குத் தெரியாததா என்று கேட்பார். எழுதப்படாத கடைசி வரி என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

நிறைவாக, அதிகாரத்தின் முன்னிலையிலேயே நின்று சொல்லப்பட்ட ஒன்று. அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குத் திறந்து காட்டுகிறான். எண்ணிக்கையையும் மினுக்கத்தையும் கண்டு அஞ்சி, போய்ச் சொல்லட்டும் என்பது அவன் எண்ணம். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஒளவையார் புகழத்தான் தொடங்குகிறார். இவையோ பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுடைய அகன்ற மாளிகையில் இருக்கின்றன. அவையோ, அதாவது அதியமானுடைய வேல்களோ, பகைவரைக் குத்திக் கோடும் நுனியும் சிதைந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. புதிதாக இருப்பது பயன்படாததால், சிதைந்து கிடப்பது பயன்பட்டதால் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

பலரும் பாட்டை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பின் வரும் அடிகளுக்காகவே நான் இதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ‘உண்டாயின் பதம் கொடுத்து, இல்லாயின் உடன் உண்ணும், இல்லோர் ஒக்கல் தலைவன்’ என்று அந்தச் சிதைந்த வேலுக்கு உரியவனை அறிமுகப்படுத்துகிறார். இருந்தால் சோறு கொடுப்பவன், இல்லாவிட்டால் உள்ளதை அவர்களோடு சேர்ந்து உண்பவன், இல்லாதவர்களின் சுற்றத்துக்குத் தலைவன். மாலை சூட்டிய வேல்களின் நடுவே, காவலர்கள் சூழ நிற்கும் பகையரசனிடம், எதிரியின் வலிமையாக ஒளவையார் எடுத்துச் சொன்னது அவன் யாரோடு உட்கார்ந்து உண்கிறான் என்பதை.

வணக்கம்.